கம்பாசிட்டர் காத்திருக்கிறார்

வாழ்த்துப்பா எழுதிப் பிழைக்கிறவனுக்கு உள்ள பெரிய சங்கடம், அடுத்தவர் வீட்டு முகூர்த்தம் இவனுக்கு வரி வருகிற நேரம் பார்த்து நிற்காது என்பதுதான்.

வெள்ளைக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்து, பேனாவின் வாலைக் கடித்து, எழுதிய ஒரு வரியையும் அடித்துவிட்டு, மறுபடியும் வெள்ளைக் காகிதத்தையே முறைத்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நெருங்கி உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. ஆனால் என் பாடு உங்கள் பாட்டைவிடக் கொஞ்சம் மோசம். பெரிய கவிஞனுக்கு வரி வராவிட்டால் மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பார்ப்பான். எனக்கு வரி வராவிட்டால் மாப்பிள்ளையின் சித்தப்பா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

யுத்த காலம், காகிதம்கூட சர்க்கார் கண்ட்ரோலில் அளந்துதான் கிடைக்கும். தூத்துக்குடியில் கடற்கரை ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் எங்கள் அச்சகம். முதலாளி ஐயாத்துரை அண்ணாச்சி. எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் சூசை, மணப்பாட்டுக்காரர், மாதா கோயில் பாட்டில் முன்வரிசைக் குரல். மிஷின் ஓட்டுகிறவர்களை விட்டால் மூன்றாவது ஆள் நான், சண்முகம். கல்யாண வாழ்த்து, கடைதிறப்பு வாழ்த்து, நாடக நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் நான்தான் எழுத்து. அந்தக் காலத்தில் வாழ்த்துப்பா இல்லாத கல்யாணம் தூத்துக்குடியில் கல்யாணமே இல்லை. ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, பந்தலில் ஒருவர் எழுந்து நின்று உரக்கப் படித்து, அப்புறம் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஊரே என்னைப் புலவர் என்று கூப்பிட்டது. பாதிப் பேர் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அதுவும் இனித்தது.

காப்பி ஆறுவதற்குள்

ஒரு காலத்தில் எனக்கு வரி எப்படி வந்தது என்று நினைத்தால் இப்போது எனக்கே பொறாமையாக இருக்கிறது. பேரைச் சொன்னால் போதும், பாட்டு வந்து விழும். மாப்பிள்ளை மாசிலாமணியா? மாசில்லாத மணி. பெண் தங்கமா? உருக்கி வார்த்த தங்கம். வெங்காய மண்டியா? அதற்கும் ஒரு மகாலட்சுமி உண்டு. எதிரிலே நிற்கிற ஆளின் மூக்கைப் பார்த்தே அவர் குலப்பெருமையை எட்டு வரிக்கு இழுத்துவிடுவேன். வெட்கம் என்பதெல்லாம் கிடையாது. பக்கத்தில் சூசை அண்ணன் ஈய எழுத்து அடுக்குகிற ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் எழுதி முடிக்கும் முன்னேயே கிழித்து வாங்கிக் கோத்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலையில் ஒரு வெங்காய மண்டிக்காரர் மகன் கல்யாணத்துக்கு வாழ்த்து வேண்டுமென்று வந்தார். அண்ணாச்சி அவருக்குக் காப்பி வரவழைத்தார். மனுஷர் சூடு தாங்காமல் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் மறுபடி எடுப்பதற்குள் நான் பதினாறு வரியை முடித்து நீட்டிவிட்டேன். படித்துப் பார்த்தார். சந்தோஷம்தான், ஆனால் முகத்தில் ஏதோ ஒரு கலக்கம். காப்பியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புலவரே, காப்பி ஆறதுக்குள்ள எழுதிட்டீரே, இது கலியாணம் முடியிற வரைக்குமாவது தாங்குமா?"

தோணி இறக்கிய நாள்

ஆவணியில் ஒரு புதுத் தோணி இறக்கினார்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றுகிற பாய்மரத் தோணி. தோணியை நடத்துகிற தலைமைக் கடலோடியைத் தண்டல் என்போம். அந்தத் தோணிக்குத் தண்டல் கயித்தான். ஆறடி ஆள், குரல் அதைவிட உயரம். தோணி முதலாளிக்கு வாழ்த்து வேண்டுமாம், அதுவும் பலமாக வேண்டுமாம். நான் சும்மா இருப்பேனா?

*அலையே ஒதுங்கி வழிவிடு! ஆழியே கைகட்டி நில்!*
*மலைபோல் எங்கள் தோணி வருது, மரியாதை செய்து செல்!*

இப்படியே இருபது வரி. கரையில் பெட்டி மேல் ஏறி நானே படித்தேன். மாதா கோயில் சாமியார் மந்திரித்த தீர்த்தம் தெளித்தார், தோணி உருளைக்கட்டை மேல் நகர்ந்து தண்ணீரைத் தொட்டது, சனம் கத்திய கத்தலில் காக்காயெல்லாம் பறந்துபோயிற்று. நானும் கத்தினேன். என் வரிக்குத்தான் தோணி நகர்ந்தது என்று நினைத்துக்கொண்ட மாதிரி அவ்வளவு பெருமை எனக்கு. கயித்தான் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"வே புலவரே, கடலு கைகட்டி நிக்குமா? ஒருதரம் எங்கூட கொழும்புக்கு வாரும், யாரு யாருக்குக் கைகட்டுதான்னு காட்டுதேன்!"

சோடாக் கடைக்காரரின் சந்தேகம்

கார்த்திகையில் அந்தத் தோணி திரும்பவில்லை.

புயல். அதே நாளில் கொழும்பிலிருந்து கிளம்பிய மற்றத் தோணிகள் பாய் கிழிந்து, கட்டை முறிந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இது வரவில்லை. கரையில் சனம் நின்றுகொண்டே இருந்தது. நானும் போய் நின்றேன். கயித்தானும் அவரோடு போன அத்தனை பேரும் கடலோடு போய்விட்டார்கள் என்று ஊர் ஒப்புக்கொண்டபோது பெரிய கோயிலில் துக்க மணி அடித்தார்கள். நான் அச்சகத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'ஆழியே கைகட்டி நில்' என்று எழுதியது இந்தக் கை. அந்த நினைப்பை உதற முடியவில்லை. சிரிக்காதீர்கள். அறிவுக்குத் தெரியும், கடலுக்குத் தமிழ் தெரியாது என்று. கைக்குத் தெரியவில்லையே!

அந்த வாரம் புதுச் சோடாக் கடை திறப்புக்கு ஒருவர் வாழ்த்து கேட்டு வந்தார். காகிதத்தை எடுத்தேன். 'பல்லாண்டு' என்று எழுதினேன். கை நின்றுவிட்டது. பல்லாண்டு என்று நான் எழுதி, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அடித்தேன். 'செழித்து' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். சூசை அண்ணன் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு பீடி பற்ற வைத்தார். சோடாக் கடைக்காரர் காலையிலிருந்து மத்தியானம் வரை பெஞ்சில் இருந்தார். பாவம், பொறுமைசாலி. கடைசியில் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"தம்பி, நான் போத்தலு போத்தலா காத்தை அடைச்சு மூடிருதேன். உங்களுக்கு இந்த நாலு வரியில அப்பிடி என்னத்த அடைக்கணும்?"

ஆளுக்கொரு வைத்தியம்

புலவருக்குப் பாட்டு நின்றுபோச்சு என்ற செய்தி ஊரில் பரவியது. உடம்புக்குச் சீக்கு என்றால்கூட இத்தனை வைத்தியர்கள் வந்திருக்க மாட்டார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளி என்றார் ஒருவர். வெற்றிலையை விடு என்றார் ஒருவர், வெற்றிலை போட்டுப் பழகு என்றார் இன்னொருவர். என் மனைவி சொர்ணம் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் காப்பி வைத்துத் தந்தாள். குடித்தேன். வேர்த்தது. பாட்டு வரவில்லை. சூசை அண்ணன் கடற்கரைக்குக் கூப்பிட்டார், காற்று வாங்கினால் சரியாகும் என்று. அவருக்கு எங்கே தெரியும், நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன் என்று. வேறு சந்து வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சியின் வைத்தியம்தான் எல்லாவற்றிலும் கடுமை. அச்சகத்துக்குப் பின்னால் காகிதம் அடுக்குகிற அறை ஒன்று உண்டு. அதற்குள் என்னை மேஜை, பேனா, ஒரு சொம்புத் தண்ணீரோடு விட்டு வெளியே பூட்டிவிட்டார். ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் எழுதுவேனாம். நானும் மனதார முயன்றேன். அறையில் நல்ல குளுமை, காகித வாசனை, டிரெடில் அச்சு மிஷின் தாலாட்டுகிற மாதிரி தடக் தடக்கென்று ஓடுகிறது. சாயங்காலம் அவர் கதவைத் திறந்தபோது நான் காகிதக் கட்டைத் தலைக்கு வைத்து நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம்.

"எடே சம்முவம், எந்திரி! இது கண்ட்ரோல்ல அலைஞ்சு திரிஞ்சு வாங்குன காயிதம்டே, உனக்குத் தலவாணி இல்ல!"

பண்டிதர் வந்தார்

அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு வியாபாரம் நடக்க வேண்டும். தை மாதம் வந்தது, கல்யாணங்கள் வரிசை கட்டி நின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பண்டிதரைக் கூட்டி வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்குக் காகிதம் மடிக்கிற வேலை. சித்திரை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் உனக்குக் கை திரும்பாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் சொர்ணம் பிள்ளையுண்டாகியிருந்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை. காகிதம் மடித்து மடித்து விரலில் மை ஏறுவதற்குப் பதிலாகக் கீறல் ஏறியது. கேட்டால், புதுப் பேனா என்று சொன்னேன். அவள் நம்பினாளா? நிச்சயமாக இல்லை.

பண்டிதர் பெரிய படிப்பாளி. அவர் எழுதிய வாழ்த்தைப் புரிந்துகொள்ள அகராதி ஒரு கையில் வேண்டும், அதைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். இப்படிச் சொல்லுவது பொறாமையால்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறாமை எனக்கு மட்டும்தான், கருப்பட்டிக் கடைக்காரருக்கு என்ன பொறாமை? அவர் மகன் கல்யாணத்துக்கு அடித்த வாழ்த்தைக் கையில் தூக்கிக்கொண்டு மறுநாளே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இதுல எம் மவன் பேரு எங்கன இருக்குன்னு கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க. தேடித் தேடி எம் பொஞ்சாதிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

ரோசம்மா

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் கிறிஸ்தவர் வீடுகளில் கல்யாணம் கிடையாது. அதனால் பாஸ்கு என்கிற அந்த ஈஸ்டர் முடிந்த கையோடு எல்லாரும் நாள் வைப்பார்கள். அப்படி ஒரு காலையில் துக்கச் சேலை உடுத்திய ஒரு பெண் அச்சகத்துக்குள் வந்தார். கூடவே அவர் தம்பி. கயித்தான் தண்டலின் மனைவி ரோசம்மா. மடித்துக்கொண்டிருந்த காகிதத்தைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு நழுவப் பார்த்தேன். சூசை அண்ணன் வழியை அடைத்துக்கொண்டு நின்றார், பாவி.

மகள் மரியபுஷ்பத்துக்குக் கல்யாணம். நாள் வைத்தது தகப்பன் இருக்கும்போதே. அதை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வாழ்த்து வேண்டும். அண்ணாச்சி பண்டிதரைக் காட்டினார். ரோசம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தோணிக்கு எழுதுனாவல்லா, அந்த அண்ணன்தான் எழுதணும்" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லார் முன்னாலும் உளறிக் கொட்டிவிட்டேன். அம்மா, என் வாக்கு விளங்காது. நான் கைகட்டி நில் என்று எழுதினேன், கடல் என்ன செய்தது பார்த்தீர்களே. உங்கள் பிள்ளைக்கு நான் எழுத வேண்டாம், வேறு யாராவது நல்ல கைக்காரர் எழுதட்டும் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முப்பது வயது ஆம்பளை, மிஷின்காரர்கள் பார்க்க அழுதேன்.

ரோசம்மா அழவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் நான் இதையா சுமந்துகொண்டிருந்தேன் என்று அவருக்கு நம்பவே முடியவில்லை. தோணி இறக்கிய அன்றைக்குச் சோறு சாப்பிடும்போது அந்த வரியைச் சொல்லிச் சொல்லி அவர் புருஷன் சிரித்ததாகச் சொன்னார். புரைக்கேறி, தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, மறுபடியும் சொல்லிச் சிரித்தாராம்.

"கடலு யாரு பேச்சைக் கேட்டிருக்கு? நீங்க எங்களுக்குத்தான அண்ணே எழுதுனீங்க, கடலுக்கா எழுதுனீங்க?"

முதல் முயற்சி

சரி, கை திறந்தது என்று நினைப்பீர்கள். திறந்தது, கோணலாகத் திறந்தது. அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். பயபக்தியோடு எழுதினேன். தகப்பனில்லாத பெண், இழப்பு, கண்ணீர், விதி, எல்லாம் அடக்க ஒடுக்கமாக இருந்தது. பெருமைப் பேச்சு ஒரு சொல் கிடையாது. 'முத்தெடுக்கப் போன கை முத்தம் தராமல் ஓய்ந்ததே' என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டு நானே மூக்கைச் சிந்தினேன். பண்டிதரே எட்டிப் பார்த்து, "கண்ணியமாக வந்திருக்கிறது" என்றார். பல மாதம் கழித்து எழுதியது, அதுவும் பண்டிதர் வாயால் பாராட்டு. என்ன வேண்டும் இனி?

மறுநாள் ரோசம்மா வந்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. சூசை அண்ணன் படித்துக் காட்டினார். முதல் நாலு வரி வரை தலையைக் குனிந்து கேட்டார். ஐந்தாவது வரியில் நிமிர்ந்தார். எட்டாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். மனசு புண்படும்படி எதையாவது எழுதிவிட்டேனோ என்று பயந்தேன்.

"எண்ணே, எங்க வீட்டுல அழுகைக்கு ஒரு பஞ்சமும் இல்ல. இதைக் கல்லறையில வெட்டி வைங்க. எம் புள்ள கலியாணத்துக்குத் தோணிக்கு எழுதுன மாதிரி பெரிய பெரிய பொய்யா எழுதித் தாங்க!"

காகிதம் இல்லாமல்

விடிந்தால் கல்யாணம். மத்தியானத்துக்குள் மிஷினில் ஏற்ற வேண்டும். இது தவறினால் என் நாற்காலி பண்டிதருக்கு நிரந்தரம் என்று அண்ணாச்சியின் முகமே சொல்லிற்று. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு நாற்காலி பெரிதாகப் படவில்லை. பந்தலில் வாசித்துக் காட்ட ஒன்றுமில்லாமல் அந்த அம்மா கையைப் பிசையப்போகிறாரே என்பதுதான் பயம். காகிதத்தை எடுத்து வைத்தேன். வெள்ளையாகவே இருந்தது. பொய் எழுத வேண்டும், பெரிய பொய்யாக எழுத வேண்டும், அதுவும் கடலைப் பற்றி எழுத வேண்டும். 'கட' வரைக்கும் எழுதுவேன். பிறகு அடிப்பேன். அப்படியே பொழுது ஏறியது.

சூசை அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. வந்தார், என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார், காகிதத்தைச் சுருட்டி எறிந்தார். என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்தினார். ஸ்டிக்கை இடது கையில் பிடித்தார். வாயால் சொல்லு, நேரே கோத்துவிடுகிறேன் என்றார். எங்கள் தொழிலில் அப்படி யாரும் செய்வதில்லை. எழுதியதைப் பார்த்துக் கோப்பதுதான் முறை. ஈயத்தில் ஏறினதை அடிக்க முடியாது, பொறுக்கி எடுத்துப் பெட்டியில் திரும்பப் போட வேண்டும், கம்பாசிட்டருக்கு அதைவிட எரிச்சல் வேறு கிடையாது. அதனால் அவர் முன்னால் நின்று திக்குவதற்கே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வரி சொன்னேன். டக் டக்கென்று எழுத்துகள் விழுந்தன. இன்னொன்று சொன்னேன். அவர் குலுங்கிச் சிரித்துக்கொண்டே கோத்தார். சிரிக்கிற மனுஷனைப் பார்த்தால் இன்னும் ஒரு பொய் சொல்லத் தோன்றாதா? சொன்னேன். குரல் ஏறியது. மிஷின்காரர் வந்து நின்றார். அண்ணாச்சி வந்து நின்றார். பண்டிதர்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். கடலுக்கு வந்தபோது நின்றுவிட்டேன். சூசை அண்ணன் தலை நிமிரவே இல்லை.

"சொல்லும்வே, கை வலிக்கு. கடலை என்ன செய்யச் சொல்லுதீரு?"

பந்தலில்

கடற்கரையை ஒட்டிய தெருவில் பந்தல். கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் பெரிது, சத்தம்தான் இல்லை. கல்யாண வீட்டில் குசுகுசுவென்று பேசினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. எல்லாரும் அந்த ஒரு ஆளை நினைத்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் நினைக்காத மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் மரியபுஷ்பம் தலையை நிமிர்த்தவே இல்லை. ரோசம்மா பந்தலின் ஓரத்தில், சமையல் நடக்கிற குசினிப் பக்கத்து வாசலில் நின்றார். நான் கடைசி வரிசையில், ஓடுவதற்குத் தோதான இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சூசை அண்ணன் எழுந்து ரோஸ் காகிதத்தை விரித்தார். கோயில் பாட்டுக் குரலில் ஆரம்பித்தார்.

*தண்டல் கயித்தான் மகளுக்குத் தாலி ஏறும் நாளிலே*
*கண்டங் கடந்த கப்பலெல்லாம் கரையில் ஏறி நின்றன!*

ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்கள் துறைமுகத்தில் ஆழம் கிடையாது. கப்பல் வெகுதூரம் தள்ளித்தான் நிற்கும். வள்ளம் வலித்துப்போய்ச் சரக்கு இறக்கி இறக்கிக் கைகாய்த்துப்போன ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் கரையேறியதாம்! ஒருவர் தொடையைத் தட்டி, "அப்பிடிப் போடு!" என்று கத்தினார். சூசை அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை நடந்தால் பூமி அதிர்கிறது என்று படித்தார். மாப்பிள்ளை ஒல்லிப்பிச்சான். அவரே சிரித்துவிட்டார். பெண்ணின் முகம் கண்டு கலங்கரை விளக்கே ஒளி மங்கியது என்று படித்தார். மரியபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு சூசை அண்ணன் சற்று நிறுத்தினார். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். எழுந்து நின்றுவிட்டேன்.

*கடலே எழுந்து வந்திந்தக் கலியாணப் பந்தி பரிமாறு!*
*உடலை வளைத்து இலைபோடு! உப்பு உன் பொறுப்பு, மறவாதே!*

எல்லாரும் சட்டென்று அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் குசினி வாசலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ரோசம்மா. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து மகள் சிரித்தாள். பிறகு பந்தல் முழுக்க இடித்துக்கொண்டு சிரித்தது. "ஏலே கடலு, இங்கன ஒரு இலை!" என்று ஒருவர் கத்தினார். "சோறு கொண்டா!" என்று இன்னொருவர். அவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டுதான் கத்தினார்கள், அண்ணனையும் தம்பியையும் அதே தோணியில் விட்டவர்கள். நானும் அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை. சூசை அண்ணன் படித்து முடித்துக் காகிதத்தை மடித்து உட்காரப் போனார். ரோசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முகம் நனைந்தபடி நேரே என்னிடம் வந்தார்.

"இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்க அண்ணே. நாங்க இன்னும் சிரிச்சு முடிக்கல."

அதற்குப் பிறகும் என் பேனா எத்தனையோ முறை நின்றிருக்கிறது, ஆனால் அதெல்லாம் மை தீர்ந்துபோய்த்தான்.